5 வருஷமா ஓடாம கிடக்கும் 15 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார்: கயிறு இழுக்கறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்? (ஒட்டனூர், தர்மபுரி)

ஒட்டனூர் கரை:

வணக்கம்ங்க. ஒட்டனூர் – கோட்டையூர் பக்கம் மேட்டூர் அணைத் தண்ணியில ஓடின ஃபைபர் படகோட மோட்டார் இது. யமஹா, 15 ஹெச்பி, டூ ஸ்ட்ரோக், 2 சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது, ஷார்ட் ஷாஃப்ட். 5 வருஷமா தகரக் கொட்டாயில தரையில படுக்க வெச்சபடியே கிடக்கு.

இப்போதைய நிலைமை: கயிறு அரை இழுப்புக்கு மேல கனமா இருக்கு, ஆனா முழுசா ஜாம் ஆகல. 24 லிட்டர் டேங்குல பழைய பெட்ரோல் கொஞ்சம் இருக்கு, வார்னிஷ் வாசனை வருது. ஓஸ்ல இருக்கற ரப்பர் பல்ப் வெடிச்சிருக்கு. வெளிப்பக்கம் துரு அதிகமில்ல, நல்ல தண்ணியில மட்டும் ஓடினது.

புது பெட்ரோல் ஊத்தி, பிளக் மாத்தி, இழுத்துப் பார்க்கலாம்னு ஊர்ல சொல்றாங்க. அப்படிச் செய்யலாமா? எந்தெந்த வேலையை பைக் மெக்கானிக் கிட்ட கொடுக்கலாம், எதை நாமே பண்ணலாம்? பைக்குக்கு விக்கற 2டி ஆயிலே போதுமா?

---

பானா 10–11 (பென்னாகரம்):

தம்பி, கயிறைத் தொடாதீங்க. கனமா இருக்கற இன்ஜினை ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தா, பிஸ்டன் ரிங்ல ஒட்டியிருக்கற துரு சிலிண்டர் சுவர்ல கோடு போடும். அந்தக் கோடு விழுந்தா ரீபோர் வேலை, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்கணும். நிதானமா விட்டா அதே துரு எண்ணெயில ஊறிக் கழண்டுடும்.

முதல்ல மோட்டாரை நிமிர்த்தி, உறுதியான மர ஸ்டாண்டுல மாட்டுங்க. 2 பிளக்கையும் கழற்றி, டார்ச் அடிச்சு ஓட்டை வழியா பிஸ்டன் தலையைப் பாருங்க. படுத்துக் கிடந்த மோட்டார்னு சொன்னீங்க இல்லையா, அதனால இது ரொம்ப முக்கியம். மோட்டாரோட கால் (ப்ரொபெல்லர் இருக்கற கீழ்ப்பக்கம்) தலைப் பகுதியை விட உயரமா இருந்திருந்தா, எக்ஸாஸ்ட்ல தேங்கின தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கும். ஒரு சிலிண்டர் சுத்தமாவும் இன்னொன்னு செம்பழுப்பாவும் தெரிஞ்சா காரணம் அதுதான்.

ஒவ்வொரு பிளக் ஓட்டையிலயும் 10 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், கூட 5 மில்லி டீசல். துணி வெச்சு மூடி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் மேல் மூடியைத் திறந்து, ஃப்ளைவீலைக் கையால சுத்துங்க. மேலிருந்து பார்த்தா கடிகாரம் சுத்தற பக்கம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் சுத்தினா கீழே தண்ணி பம்புல இருக்கற ரப்பர் இதழ் எதிர்ப்பக்கம் மடங்கும். வருஷக்கணக்கா ஒரே பக்கம் வளைஞ்சு காய்ஞ்ச ரப்பர் அது, அப்படி மடக்கினா அடியிலேயே ஒடிஞ்சிடும். சுத்தறது இன்னும் கனமா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்கு 2 தடவை. தடையில்லாம சுத்தற வரைக்கும் அடுத்த வேலைக்குப் போகாதீங்க.

சுலபமா சுத்த ஆரம்பிச்சதும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறற காத்தோட அழுத்தம் பார்க்கணும். பைக் ஒர்க் ஷாப்ல இருக்கற கேஜே போதும், 14 மில்லிமீட்டர் முனை வேணும். 2 பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுசா திறந்து, கயிறை 5 தடவை வேகமா இழுக்கணும். அந்த நேரத்துல 2 பிளக் கேப்பையும் இன்ஜின் உடம்போட ஒயர் போட்டு இணைச்சிடுங்க. மின்சாரம் போக வழியில்லாம இருந்தா சிடிஐ பெட்டி (ஸ்பார்க்குக்கு மின்சாரம் அனுப்பற பெட்டி) கெட்டுப்போகும், இந்த மோட்டார்ல விலை அதிகமான பாகங்கள்ல அதுவும் ஒண்ணு. எண்ணை விட ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம்தான் முக்கியம்: 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். நீங்க ஊத்தின ஆயில் ரிங்கை அடைச்சு ரீடிங்கை உயர்த்திக் காட்டும், அதனால முதல்ல பத்துப் பதினைஞ்சு தடவை சும்மா இழுத்து ஆயிலை வெளியே தள்ளிட்டு அளங்க. துணியை பிளக் ஓட்டைக்கு நேரா பிடிச்சுக்கிட்டா கண்ணுல தெறிக்காது.

கம்ப்ரஷன் சரியா இருந்தா அந்த மோட்டார் பிழைச்சுக்கும். மத்ததெல்லாம் ரப்பரும் அழுக்கும்தான்.

அடுத்து ஸ்பார்க். முதல்ல கில் ஸ்விட்சுல சிவப்புக் கயிறோட வர்ற கிளிப் மாட்டியிருக்கான்னு பாருங்க. பழைய மோட்டாருங்கள்ல "ஸ்பார்க் இல்லை"ன்னு வர்ற புகார்ல பல அந்த கிளிப் தொலைஞ்சதால வர்றது. கிளிப் இருந்தும் ஸ்பார்க் வரலன்னா, ஸ்டாப் ஸ்விட்சுல இருந்து சிடிஐக்கு வர்ற ஒயரைக் கழற்றிட்டுப் பாருங்க. வந்துட்டா ஸ்விட்சுதான் கெட்டது. அப்பவும் வரலன்னா, ஃப்ளைவீலுக்கு அடியில இருக்கற காயில்ல எலி கடிச்ச ஒயரைத் தேடணும். கொட்டாயில கிடந்த மோட்டாருக்கு இது சகஜம்.

பிளக் வாங்கறப்ப பழைய பிளக்ல இருக்கற எண்ணையே கேளுங்க. பி7ஹெச்எஸ் வேற, பி7ஹெச்எஸ்-10 வேற. கடைசியில இருக்கற 10ங்கறது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. புது பிளக்கைக் கையால முழுசா முறுக்கி, வாஷர் உட்கார்ந்த பிறகு பானாவுல அரைச் சுத்து. அலுமினிய மரை, அதுக்கு மேல வேண்டாம்.

---

தென்பெண்ணைக் கரை (காவேரிப்பட்டணம்):

பெட்ரோல் பக்கம் நான் சொல்றேங்க. அண்ணன் சொன்னதுல ஒரு மாற்றமும் இல்ல, இது கூடுதல்.

டேங்குல இருக்கற பழைய பெட்ரோலை வடிகட்டிக்கூட ஊத்தாதீங்க. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். ஓர் அளவுக்கு மேல தண்ணி சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா பிரிஞ்சு அடியில தங்கிடும், ஆயில் மேலே உள்ள பெட்ரோலோட நின்னுடும். டேங்குல உறிஞ்சற குழாய் அடியில இருக்கு. அப்போ இன்ஜினுக்குள்ள போறது ஆயிலே இல்லாத கலவை. டூ ஸ்ட்ரோக்ல கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் அந்த ஆயிலை விட்டா வேற ஆயில் கிடையாது. சந்தேகம் இருந்தா டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டில்ல ஒரு மணி நேரம் வெச்சுப் பாருங்க, பிரிஞ்சிருந்தா நடுவுல கோடு தெரியும்.

அதனால பெட்ரோல் கலந்து வெச்சுக்கற பழக்கம் வேண்டாம். ஒரு மாசத்துல தீர்ற அளவு மட்டும் கலந்துக்கங்க.

ஆயில்: பைக் 2டி ஆயில் காத்துல ஆறற, சூடா ஓடற இன்ஜினுக்குத் தயாரிச்சது. அதுல சேர்க்கற சுத்திகரிப்பு ரசாயனம் எரிஞ்சா சாம்பல் நிற்கும். அவுட்போர்டு தண்ணியில ஆறுது, மணிக்கணக்கா முக்கால் த்ராட்டில்ல ஓடுது. அந்தச் சாம்பல் பிளக்லயும் பிஸ்டன் தலையிலயும் படியும், படிஞ்ச இடம் கனலா நின்னு ஸ்பார்க்குக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வைக்கும். பிஸ்டன்ல ஓட்டை விழறது அப்படித்தான். டப்பாவுல டிசி-டபிள்யூ3 (TC-W3)ன்னு போட்டிருக்கறதை மட்டும் வாங்குங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஸ்பேர் கடைகள்ல கேட்டா பெரும்பாலும் பைக் ஆயிலைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. கடலோர ஊர்ல படகு இன்ஜின் ஸ்பேர் விக்கறவங்ககிட்ட ஆயிலும் இம்பெல்லரும் (தண்ணி பம்புக்குள்ள சுத்தற ரப்பர் இதழ்ச் சக்கரம்) சேர்த்து ஒரே பார்சல்ல வரவழைக்கறது நல்லது.

அளவு: 50க்கு 1. பெட்ரோல் 10 லிட்டருக்கு 200 மில்லி. நீண்ட நாள் கிடந்து எழும்பற மோட்டார்ங்கறதால முதல் டேங்குக்கு மட்டும் 25க்கு 1, அதாவது 10 லிட்டருக்கு 400 மில்லி. புகை கூடும், பிளக் கருக்கும், பரவாயில்ல. அந்த டேங்க் தீர்ந்ததும் பிளக்கைத் துடைச்சு மாட்டிட்டு 50க்கு வந்துடுங்க. உங்க மோட்டார் மூடியில வேற அளவு எழுதியிருந்தா அதுதான் கணக்கு. பாதிப் பெட்ரோலை ஊத்தி, ஆயிலைச் சேர்த்துக் குலுக்கி, மீதியை ஊத்தினா நல்லா கலக்கும்.

ஓஸ், பல்ப் முழுசும் புதுசு போடுங்க, எத்தனாலைத் தாங்கும்னு போட்டது. பல்ப்ல இருக்கற அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்கணும். டேங்க் மூடியில காத்துத் திருகு இருக்கும், ஓடும்போது திறந்திருக்கணும். அது மூடியிருந்தா மோட்டார் 5 நிமிஷம் நல்லா ஓடி, மெல்ல மெல்லச் செத்துப்போகும். ஜனங்க கார்ப்பரேட்டரைப் பிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.

கார்ப்பரேட்டர் வேலையை பைக் மெக்கானிக் தாராளமா செய்வார், பைக்ல இருக்கற மாதிரியேதான் இதுவும். 3 விஷயம் சொல்லி அனுப்புங்க. ஜெட்டை (பெட்ரோல் போற சின்னத் துளை) இரும்புக் கம்பியால குத்த வேண்டாம், ஒயர்ல இருந்து பிரிச்ச ஒத்தைச் செம்பு இழை போதும். பைலட் திருகைக் கழற்றறதுக்கு முன்னாடி மெதுவா உள்ளே முறுக்கி எத்தனை சுத்துன்னு எண்ணிக்கணும், திரும்ப அதே அளவு வெளியே. அப்புறம் ஃப்ளோட் பாத்திரத்து கேஸ்கட்டும் நீடில் வால்வும் புதுசு. பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கற மெல்லிய ரப்பர் தகடையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, விறைச்சிருந்தாலோ ஊசி ஓட்டை இருந்தாலோ மாத்தணும்.

மண்ணெண்ணெய் கலந்தா செலவு குறையும்னு யாராவது சொல்வாங்க. மண்ணெண்ணெய்க்கு வர்ற மாடல்ல கம்ப்ரஷனும் ஜெட்டும் வேற. பெட்ரோல் மாடல்ல ஊத்தினா தட்டும் சத்தம் வந்து ரிங் போகும்.

---

பானா 10–11:

பெட்ரோல் விஷயம் முடிஞ்சது. ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி தண்ணி பம்பையும் முடிச்சிடுங்க. 5 வருஷம் கிடந்த இம்பெல்லர் ஓடிடும்னு நம்பாதீங்க. இதை பைக் மெக்கானிக் பார்த்திருக்க மாட்டார், நீங்களே பண்ணலாம்.

கியரை நியூட்ரல்ல வைங்க. கியர் ராட் மேலும் கீழும் சேர்ற இணைப்பு நட்டைக் கழற்றறதுக்கு முன்னாடி எத்தனை மரை உள்ளே இருக்குன்னு பெயிண்டால குறிச்சுக்கங்க. காவிட்டேஷன் தகட்டுக்கு (ப்ரொபெல்லருக்கு மேல படுக்கையா நீட்டிக்கிட்டிருக்கற தகடு) மேல இருக்கற போல்ட்டுகளைக் கழற்றினா கால் கீழே வரும். வரலன்னா ரப்பர் சுத்தியால பக்கவாட்டுல தட்டுங்க, திருப்புளியை இடுக்குல விட்டு நெம்பினா அலுமினியம் உடையும். பம்பு மூடியோட போல்ட்டுங்க ஒட்டிக்கிட்டிருந்தா முதல் நாளே டீசல் விட்டு வெச்சிடுங்க, ஒடிஞ்சா லேத்துல துளை போட்டு எடுக்கற வேலை ஆகும்.

பம்புல வரிசையா வர்றது: மூடி, உள் குவளை, இம்பெல்லர், அதை ஷாஃப்டோட பூட்டற சின்னச் சாவி, அடித்தகடு. தகட்டுலயும் குவளையிலயும் நகம் மாட்டற அளவுக்குக் கோடு இருந்தா அதையும் மாத்துங்க. மேட்டூர் தண்ணியில உப்பு இல்லாட்டியும் வண்டல் மண் உண்டு, அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். புது இம்பெல்லருக்கு சோப்புத் தண்ணி தடவி, ஷாஃப்டைக் கடிகாரப் பக்கம் சுத்திக்கிட்டே மூடியை அழுத்துங்க, இதழ் சரியான பக்கம் தானா மடங்கும். ஒடிஞ்ச பழைய இதழ் துண்டு ஏதாவது காணாம போயிருந்தா அது மேலே தண்ணிக் குழாயில சிக்கியிருக்கும், தேடி எடுக்காம மூடாதீங்க.

கால் திரும்ப ஏறும்போது ஷாஃப்ட் பல்லுக்குப் பக்கவாட்டுல கிரீஸ். உச்சித் தலையில வேண்டாம், அங்கே கிரீஸ் அடைச்சா ஷாஃப்ட் முழுசா உள்ளே போகாது, போல்ட் முறுக்கும்போது கிராங்க் மேல அழுத்தம் விழும்.

சோதனைக்கு 200 லிட்டர் பேரல். காவிட்டேஷன் தகட்டுக்கு மேல ஒரு சாண் தண்ணி நிற்கணும். ப்ரொபெல்லரைக் கழற்றிடுங்க, இல்லன்னா பேரல் தண்ணி பாதி வெளியே வந்துடும். ஸ்டார்ட் ஆனதும் பின்பக்கம் சிறுநீர் மாதிரி பீய்ச்சற தண்ணியைப் பாருங்க. 30 விநாடிக்குள்ள வரலன்னா அணைச்சிடணும். அந்தத் துளையில குளவி மண் கூடு கட்டியிருக்கும், மெல்லிய கம்பி விட்டு முதல்லயே சுத்தம் பண்ணிக்கங்க. தண்ணி இல்லாம சும்மா ஒரு உறுமல் பார்க்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, காய்ஞ்ச இம்பெல்லர் விநாடிக்கணக்குல எரியும்.

---

ஒட்டனூர் கரை:

ரொம்ப நன்றிங்க அண்ணா. இதுவரைக்கும் நடந்தது:

2 நாள் ஊறினதும் ஃப்ளைவீல் சுலபமா சுத்துது. கம்ப்ரஷன் மேல் சிலிண்டர் 105 பிஎஸ்ஐ, கீழ் 100. ஸ்பார்க் ரெண்டுலயும் நீலமா வருது. இம்பெல்லர்ல 2 இதழ் ஒடிஞ்சிருந்துச்சு, துண்டுங்க குவளைக்குள்ளயே கிடைச்சது. புதுசு போட்டாச்சு. பேரல்ல வெச்சு 4-வது இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு, தண்ணி நல்லா பீய்ச்சுது.

பிரச்சினை 2. சோக் இழுத்து வெச்சாதான் ஓடுது, தள்ளினா உடனே நிக்குது. அடுத்து, கியர் ஆயிலைத் திறந்தா பால் காபி நிறத்துல வந்துச்சு.

---

தென்பெண்ணைக் கரை:

சோக்ல மட்டும் ஓடுதுன்னா பெட்ரோல் குறைவா, இல்ல காத்து அதிகமா போகுது. ஓடும்போது பல்பைத் தொடர்ந்து அமுக்கிப் பாருங்க. அமுக்கற வரைக்கும் நல்லா ஓடினா பம்பு ரப்பர் அல்லது கனெக்டர் ஓ-ரிங் வழியா காத்து வாங்குது. அமுக்கியும் மாற்றம் இல்லன்னா பைலட் ஜெட் அடைப்பு தீரல. அந்தத் துளை கண்ணுக்கே சரியா தெரியாது. கிளீனர் அடிச்சா மறுபக்கம் நூல் மாதிரி நேரா பீய்ச்சணும். சிதறினா இன்னும் அடைப்பு இருக்கு. ஒரு ராத்திரி கிளீனர்ல ஊற வெச்சுட்டு மறுபடி காத்து அடிக்கச் சொல்லுங்க.

சோக் போட்டபடியே ஓட்டிக்கலாம்னு படகுல மாட்டிடாதீங்க. ஆயில் பெட்ரோலோடதான் வருது. பெட்ரோல் குறைஞ்சா ஆயிலும் குறையும், முழு த்ராட்டில்ல பிஸ்டன் பிடிச்சிக்கும்.

---

பானா 10–11:

105, 100 நல்ல ரீடிங். இன்ஜினைப் பத்திக் கவலை வேண்டாம்.

கியர் ஆயில் பால் நிறம்னா தண்ணி போயிருக்கு. அணைத் தண்ணியில ஓடற மோட்டாருக்கு முதல் சந்தேகம் வலை நரம்பு மேலதான். ப்ரொபெல்லரைக் கழற்றினா அதுக்குப் பின்னாடி ஷாஃப்ட்ல நைலான் நூல் சுத்தியிருக்கும். சூட்டுல உருகி மோதிரம் மாதிரி இறுகி, ஆயில் சீலோட உதட்டை அறுக்கும். ஷாஃப்டைச் சுத்தம் பண்ணி, சீல் உட்கார்ற இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. பள்ளம் தெரிஞ்சா புது சீலும் நிக்காது. புதுசை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்க இடமிருக்கான்னு பார்க்கணும், இல்லன்னா ஷாஃப்ட் மாத்தணும்.

ஆனா நேரா சீலை வாங்கிடாதீங்க, எங்கே ஒழுகுதுன்னு உறுதி பண்ணிக்கங்க. ஆயிலை முழுசா வடிச்சுட்டு, கீழ்த் திருகை அடைச்சு, மேல் ஓட்டையில சைக்கிள் பம்பு முனையைப் பொருத்தி 10 பிஎஸ்ஐ காத்து கொடுங்க, அதுக்கு மேல போனா நல்ல சீலும் வெளியே தள்ளிடும். காலைத் தண்ணித் தொட்டியில முக்கினா குமிழி எங்கே வருதுன்னு தெரியும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கியர் ராட் நுழையற இடம், தண்ணி பம்புக்கு அடியில இருக்கற சீல், திருகு வாஷர்: இந்த 4 இடம்தான். பல நேரத்துல பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டதுதான் காரணமா இருக்கும், அது சில ரூபாய் வேலை.

சரி பண்ணினதும் எஸ்ஏஇ 90 ஹைபாய்டு கியர் ஆயில். கீழ் ஓட்டை வழியாதான் ஏத்தணும், மேல் ஓட்டையில குமிழி இல்லாம வழியற வரைக்கும். மேலிருந்து ஊத்தினா காத்து அடைச்சுக்கிட்டு பாதிதான் போகும். ஏறக்குறைய கால் லிட்டர் பிடிக்கும். வழிஞ்சதும் முதல்ல மேல் திருகை மூடிட்டு, அப்புறம் கீழ்க் குழாயை எடுத்துட்டு அதை மூடுங்க. முதல் 10 மணி நேரம் ஓடினதும் கீழ்த் திருகைக் கொஞ்சமா தளர்த்தி 2 சொட்டு பாருங்க. நிறம் மாறாம இருந்தா அடுத்த மாத்தம் 100 மணி நேரத்துக்கு.

---

நாகமரைத் துறை:

நடுவுல ஒண்ணு சொல்றேங்க. படகுல மாட்டும்போது காவிட்டேஷன் தகடு படகு அடிமட்டத்துக்கு நேரா, அல்லது ஒரு அங்குலம் வரைக்கும் கீழே இருக்கணும். மேலே போனா ப்ரொபெல்லர் காத்தை அள்ளி வெறுமனே உறுமும். ரொம்பக் கீழே போனா இழுவை கூடிப் பெட்ரோல் குடிக்கும்.

அணை நீர்மட்டத்தையும் பார்த்துக்கங்க. பண்ணவாடியில அணைத் தண்ணிக்குள்ள மூழ்கியிருக்கற பழைய கோயில் நந்தியோட தலை தெரிய ஆரம்பிச்சுட்டா நம்ம பக்கம் கரையோரம் பூரா சேறும் பழைய மரக்கட்டையும்தான். அந்த மாசங்கள்ல டில்ட் லாக்கைத் திறந்தே வைங்க, அடிபட்டா மோட்டார் தானா தூக்கிக்கும். ரிவர்ஸ் போடும்போது மட்டும் பூட்டணும். சேத்துல ஓட்டின பிறகு சுத்தமான தண்ணிப் பேரல்ல 5 நிமிஷம் ஓடவிட்டா பம்புல தங்கின மண் வெளியேறும்.

அனோடு (மோட்டார் அரிச்சுப் போகாம இருக்க, அதுக்குப் பதிலா தானே கரையற உலோகத் துண்டு) கடலோரக் கடையில வாங்கினா துத்தநாகம்தான் கொடுப்பாங்க. நல்ல தண்ணியில அது மேல வெள்ளைப் படலம் பிடிச்சு வேலை செய்யாம நின்னுடும். மெக்னீசியம்னு கேட்டு வாங்குங்க, அதுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது.

---

தென்பெண்ணைக் கரை:

நீர்மட்டம் பேச்சு வந்ததால: எங்க பக்கம் கெலவரப்பள்ளி, கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணைத் தண்ணியில ஆகாயத்தாமரையும் நுரையும் உண்டு. அந்த மாதிரி தண்ணியில கால் பக்கம் இருக்கற உறிஞ்சு சல்லடையை ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் கையால தடவிப் பார்க்கணும். பீய்ச்சற தண்ணி மெலிஞ்சா உடனே அணைச்சிடுங்க. ஓட்டும்போது அதுல கை வெச்சா வெதுவெதுப்பா இருக்கணும், சுடக்கூடாது. சுட்டா அடுத்து தெர்மோஸ்டாட்டைப் (சூடானதும் தண்ணிக்கு வழி திறக்கற வால்வு) பார்க்கணும். கழற்றி வெந்நீர்ல போட்டுப் பார்த்தா 60 டிகிரிக்குள்ள முழுசா திறக்கணும்.

---

ஒட்டனூர் கரை:

பைலட் ஜெட் ஊற வெச்சு அடிச்சதும் சோக் இல்லாம நிக்குது. குமிழி ப்ரொபெல்லர் ஷாஃப்ட்லதான் வந்துச்சு, நைலான் நூல் மூணு சுத்து இருந்துச்சு. ஷாஃப்ட்ல பள்ளம் இல்ல. சீல் 2 வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டும் ஒரே பக்கம் பார்க்கணுமா?

---

பானா 10–11:

பழசைக் கழற்றறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கங்க, அதே மாதிரி போடணும். பல மோட்டார்கள்ல உள்சீலோட உதடு ஆயில் பக்கம், வெளிச்சீலோட உதடு தண்ணி பக்கம், முதுகோடு முதுகா இருக்கும். நடுவுல கிரீஸ் நிரப்பி, சீல் அளவுக்கே உள்ள சாக்கெட்டை வெச்சு நேரா தட்டுங்க. ஓ-ரிங்கும் புதுசு.

மாட்டின பிறகு மறுபடி 10 பிஎஸ்ஐ சோதனை, ஊசி நகராம இருந்தா மட்டும் ஆயில். தண்ணியில இறக்கும்போது கில் ஸ்விட்ச் கயிறு உங்க மணிக்கட்டுல இருக்கணும், எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கணும், துடுப்பு ஒண்ணு படகுல இருக்கணும். முதல் நாள் கரையை விட்டு 200 மீட்டருக்கு மேல போகாதீங்க. திரும்பி வந்ததும் ஓஸைக் கழற்றிட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓடவிட்டு கார்ப்பரேட்டரைக் காய வைங்க. மாசம் ஒரு தடவை ப்ரொபெல்லரைக் கழற்றி நூலைத் தேடுங்க. இனிமே கொட்டாயில மோட்டாரை நிமிர்த்தியே மாட்டி வைங்க.